வில்லங்கம் பார்க்காத தபால் தலைகள்

1963-ஆக இருக்கலாம். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. புதுச்சேரியில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் ஆசிரமத்தில் வேலை பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வரும் கடித உறைகளின் மூலையைக் கிழித்து எங்களுக்குக் கொண்டுவந்து தருவார். ஒரு நாள் அமெரிக்க உறை ஒன்று வந்தது. அதில் ஐந்து சென்ட் வாஷிங்டன் தலைகள், சாம்பல் நீல நிறத்தில், ஐந்து ஒரே வரிசையில் ஒட்டியிருந்தன. மேலும் கீழும் பல்லே இல்லை. யாரோ கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே கோபம். “கெட்டுப்போன தலை” என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அவை நறுக்கப்பட்ட தலைகள் அல்ல. சுருளாகச் செய்யப்பட்டவை. பிறந்ததிலிருந்தே அவற்றுக்கு இரண்டு பக்கம்தான் பல். இது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

சுருள் தலையை நறுக்கிய தலை என்று நினைத்து அன்று எறிந்தேன். இன்று எங்கள் வயதுக்காரர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். நறுக்கிய தலையைச் சுருள் தலை என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கி, ஆல்பத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். கூட இருக்கும் நாங்கள் அதைப் பார்த்தும் வாயைத் திறப்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எழுபது தாண்டிய பிறகும் எல்லோருக்கும் நல்லவனாக இருந்து என்ன ஆகப்போகிறது?

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தபால் தலை விற்கும் இயந்திரங்களும், உறையில் தானே தலை ஒட்டும் இயந்திரங்களும் வந்தன. தாளாக இருக்கும் தலையை இயந்திரத்துக்குள் செலுத்த முடியாது. பட்டையாக, சுருளாக வேண்டும். அதனால் தபால் துறை பல் போடாத முழுத் தாள்களைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்றது. அவர்கள் அதைப் பட்டையாக வெட்டி, தங்கள் இயந்திரத்துக்கு ஏற்ற துளையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். டெட்ராய்ட் நகரத்து ஷெர்மாக் என்பவருடைய துளை இதில் பிரபலம். சாதாரணப் பல் போல இருக்காது. பக்கத்துக்கு இரண்டு நீள்சதுர வெட்டு, அவ்வளவுதான். 1908-ல் கிராண்ட் படம் போட்ட நாலு சென்ட் தலையை இப்படிப் பல்லில்லாமல் பத்தாயிரம்தான் கொடுத்தார்கள். ஷெர்மாக் துளையோடு அது இன்று கிடைத்தற்கரிய பொருள்.

அதே 1908-ல் அரசாங்கமே சுருள் செய்ய ஆரம்பித்தது. நானூறு தலை உள்ள தாள்களை ஒன்றோடொன்று கையால் ஒட்டி, ஒரு திசையில் மட்டும் துளை போட்டு, மறு திசையில் பட்டை பட்டையாக வெட்டிச் சுருட்டினார்கள். பக்கவாட்டுச் சுருள் என்றால் மேலும் கீழும் வழவழப்பு, இடமும் வலமும் பல். செங்குத்துச் சுருள் என்றால் இதற்கு எதிர். அந்த வருஷமே வாஷிங்டன், பிராங்க்ளின் முகங்களுடன் புது வரிசையும் வந்தது. 1922 வரை அமெரிக்கா அதையேதான் திரும்பத் திரும்ப அச்சடித்தது. பார்வைக்கு எல்லாம் ஒரே முகம், ஒரே நிறம். ஆனால் காகிதம் மாறியது, பல் மாறியது, அச்சு இயந்திரம் மாறியது. அதனால் ஒரே இரண்டு சென்ட் சிவப்பு வாஷிங்டனில் ஒன்று நாலணா பெறும், ஒன்று ஒரு வீடு பெறும். வித்தியாசம் முகத்தில் இல்லை. ஓரத்தில் இருக்கிறது, முதுகில் இருக்கிறது, அரை மில்லிமீட்டரில் இருக்கிறது.

மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல நிலம் வேறு எங்கே கிடைக்கும்? சாதாரண முழுத்தாள் தலைக்கு நாலு பக்கமும் பல். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் நறுக்கினால் சுருள் தலை. கள்ள அச்சு வேண்டாம், மை வேண்டாம். கத்தரிக்கோல் போதும். சில சமயம் பாதி வேலையைத் தபால் துறையே செய்து கொடுத்திருக்கும். நானூறு தலைத் தாளை நூறு நூறாக வெட்டும்போது, வெட்டுக் கோட்டில் இருந்த தலைகளுக்கு இயற்கையாகவே ஒரு பக்கம் பல் இருக்காது. அப்படி ஒரு தலை கிடைத்தால் இன்னொரு பக்கத்தை மட்டும் நறுக்கினால் போதும்.

இனி என் கதை.

எனக்கு மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொல்லப்போவதில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடுவோம். காபி வரும், பிஸ்கட் வரும், பிறகு ஆல்பம் வரும். பிரெஞ்சிந்தியத் தலைகளில் அவர் புலி. அதில் யாரும் அவரிடம் வாலாட்ட முடியாது. ஓய்வு பெற்றபின் அமெரிக்கச் சுருள் தலைகளில் ஆசை வந்தது. மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். இணையத்தில் ஏலம் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் முழுக்கச் சுருள் தலைகள், மொத்தம் பதினொன்று. எல்லாம் ஒற்றைத் தலைகள். ஜோடி ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் ராஜா மாதிரி மூன்று சென்ட் ஊதா நிற வாஷிங்டன், 12 அளவுப் பல். அதன் கீழே அழகான கையெழுத்தில் ‘ஆரஞ்ச்பர்க்’ என்று எழுதியிருந்தார்.

ஆரஞ்ச்பர்க் சுருள் என்றால் அமெரிக்கத் தலை சேர்ப்பவர்களுக்கு மூச்சு நிற்கும். 1911-ல் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஆரஞ்ச்பர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே பெல் என்ற மருந்து நிறுவனம் டாக்டர்களுக்கு மாதிரி மருந்து அனுப்புவதற்கு அந்தச் சுருளைப் பயன்படுத்தியது. மருந்துப் பொட்டலத்தின் மேலட்டையை எந்த டாக்டர் எடுத்து வைப்பார்? குப்பைக்குப் போயிற்று. தப்பிப் பிழைத்தவை மிகச் சில. முத்திரை குத்தப்பட்டவற்றில் அந்த ஊரின் இயந்திர முத்திரையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். பெயர்க் காரணமே அதுதான்.

முசேயின் தலையிலும் முத்திரை இருந்தது. பாதிதான் விழுந்திருந்தது. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிகாகோவின் முதல் நாலு எழுத்துகள் பளிச்சென்று தெரியும்.

எனக்கு முதல் நாளே தெரிந்தது. அன்று நான் சொன்னது என்ன? “ஆஹா, முசே! பிரமாதம்!”

பதினைந்து வருஷம் அந்தப் பக்கத்தை எத்தனை முறை புரட்டியிருப்பேன்! ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மரியாதை என்று அதற்குப் பெயரும் வைத்தேன். அது மரியாதை இல்லை. அவர் வீட்டுக் காபியும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் எனக்கு வேண்டியிருந்தன. உண்மையைச் சொன்னால் அவை போய்விடுமோ என்ற பயம். அவ்வளவுதான்.

முசே போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்து அண்ணி என்னை வரச் சொன்னார்கள். மேசைமேல் அந்த ஆல்பம். அண்ணி சொன்னார்கள்:

“தம்பி, பேத்திக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கெடச்சிருக்கு. பீஸ் கட்ட இன்னும் பத்து நாள்தான். ‘எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்தப் பக்கத்த மட்டும் வித்துடு, அது போதும்’னு அவர் சொல்லிட்டுப் போயிருக்கார். நீங்கதான் தம்பி நல்ல விலைக்கு வித்துத் தரணும்.”

பக்கத்தின் மூலையில் பென்சிலில் கூட்டல் போட்டிருந்தார். பதினொரு லட்சத்துச் சொச்சம். கேட்டலாக்கில் இருக்கும் டாலரை ரூபாயாக்கிய கணக்கு.

அண்ணியிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டு ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று ராத்திரி, பதினைந்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் ஆல்பத்திலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் உதவும்.

முதல் வேலை, ஓரம். மலிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத அதே காலத்துச் சுருள் தலை ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு சென்ட் பச்சை. இதை நறுக்கிப் போலி செய்ய எவனும் மெனக்கெட மாட்டான். இதுதான் என் படிக்கல். ஒவ்வொரு தலையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தில் வெட்டிய சுருளுக்கு இரண்டு வழவழப்பு ஓரங்களும் இணையாக ஓடும், உயரமும் சரியாக இருக்கும். கையால் நறுக்கினால் பல்லின் குழி தெரியாமல் இருக்க உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். உயரம் குறையும். ஓரம் ஒரு பக்கம் சாயும். ஆரஞ்ச்பர்க் என்று எழுதியிருந்த தலை முக்கால் மில்லிமீட்டர் குள்ளம். கீழ் ஓரம் இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போயிற்று. ஆனால் உயரம் சரியாக இருப்பதாலேயே தலை நல்லதென்று ஆகிவிடாது. அந்தக் காலத்து அச்சுத் தகடுகள் சிலவற்றில் தலைக்கும் தலைக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர், சிலவற்றில் 3 மில்லிமீட்டர். அகலமான இடைவெளித் தலையை நறுக்குகிறவனுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

இரண்டாவது, பல். 2 சென்டிமீட்டரில் எத்தனை பல் என்று எண்ணும் முறையை 1866-ல் பாரிசில் டாக்டர் லெக்ரான் என்பவர் சொன்னார். பிரெஞ்சில் அந்த அளவு அட்டைக்கு ‘ஒதோந்தோமேத்ர்’ என்று பெயர். பல் அளவி என்று சொல்லலாம். என்னிடம் இருப்பது பள்ளி நாளில் வாங்கியது, மூலை மடிந்துபோனது, இன்றும் பொய் சொல்லாதது. அமெரிக்கச் சுருளில் முதலில் 12. இயந்திரத்துக்குள் பொத்தென்று கிழிந்ததால் 1910-ல் 8½ ஆக்கினார்கள். அது கெட்டியாகி, கிழிக்கச் சிரமமானதால் 1914-ல் 10. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த வரிசையில் 8½ பல்லோடு முழுத்தாள் தலை கிடையாது. ஆகவே 8½ சுருளை நறுக்கிச் செய்ய முடியாது. பல்லில்லாத தலையில் துளை போட்டுத்தான் செய்ய வேண்டும். 12-க்கும் 10-க்கும் முழுத்தாள் தலை ஏராளம். கத்தரிக்கோல் வேலை செய்யும் இடம் அது.

மூன்றாவது, முதுகு. நீர்க்குறி. கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, அதற்கென்று விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டால் காகிதத்துக்குள் இருக்கும் எழுத்து தெரியும். 1910 வரை இரட்டைக் கோட்டு எழுத்து. அதன்பின் ஒற்றைக் கோடு. 1916-க்குப் பிறகு ஒன்றுமே கிடையாது. ஆரஞ்ச்பர்க் ஒற்றைக் கோடு. முசேயின் தலையிலும் ஒற்றைக் கோடுதான். அதனால்தான் அவர் நம்பியிருப்பார். ஆனால் அதே வருஷத்து மூன்று சென்ட் முழுத்தாள் தலைக்கும் அதே ஒற்றைக் கோடு, அதே 12 பல். நீர்க்குறி சரியாக இருந்தால் அது அந்தக் காலத்துத் தலை என்று தெரியும். சுருள் என்று அதிலிருந்து தெரியாது.

நான்காவது, படத்தின் அகலம். 1914-ல் சுருளுக்கு உருளை அச்சு இயந்திரம் வந்தது. ஸ்டிக்னி என்பவர் செய்த இயந்திரம். தட்டையான தகட்டை உருளையாக வளைக்கும்போது படம் வளைந்த திசையில் கொஞ்சம் நீண்டுவிடும். தட்டை அச்சில் படத்தின் அகலம் 18½ முதல் 19 மில்லிமீட்டர். உருளை அச்சில் பக்கவாட்டுச் சுருளுக்கு 19½ முதல் 20. செங்குத்துச் சுருளில் அகலம் கூடாது, உயரம் அரை மில்லிமீட்டர் கூடும். முசேயின் பக்கத்தில் ‘உருளை அச்சு, பக்கவாட்டுச் சுருள்’ என்று எழுதிய தலைகள் நாலு. அளந்தேன். மூன்று 19-ஐத் தாண்டவில்லை. கத்தரிக்கோலால் பல்லை எடுக்கலாம், படத்தை நீட்ட முடியாது.

ஐந்தாவது, துளை போட்ட போலி. 1902 வரிசையில் பல்லில்லாமல் வந்த ஒரு சென்ட் பிராங்க்ளின் தலை சுமாரான விலைக்குக் கிடைக்கும். அதே தலை 12 பல்லோடு அரசாங்கச் சுருளாக 1908-ல் வந்தது மகா அரிது. நடுவில் இருப்பது இரண்டு வரிசைத் துளை. அதைப் போட ஒரு ஊசி இயந்திரமும் கெட்ட புத்தியும் போதும். முசேயிடம் அப்படியும் ஒன்று இருந்தது. இடப்பக்கத் துளைகளையும் வலப்பக்கத் துளைகளையும் பக்கம் பக்கமாக அளவி மேல் வைத்தால், இரண்டும் ஒரே அளவில் இல்லை.

பதினொன்றில் இரண்டு தேறின. இரண்டும் சேர்ந்து எங்கள் தெரு முனைக் கடையில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு பெறும். பாக்கி ஒன்பதும் நறுக்கியவை அல்லது துளை போட்டவை. இதில் கொடுமை என்னவென்றால், நறுக்குவதற்கு முன் அந்த மூன்று சென்ட் ஊதா சில டாலராவது பெற்றிருக்கும். நறுக்கியபின் அந்தச் சில டாலரும் போயிற்று.

மறுநாள் அண்ணியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத முடியவில்லை. அண்ணி அழவில்லை. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“அவர் இருக்கும்போதே உங்களுக்கு இது தெரியுமா தம்பி?”

இருபத்தெட்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். பிரெஞ்சு படித்தவன் என்பதால் நோத்தேர் காலத்துப் பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். முத்திரை இருக்கிறதே, கையெழுத்து இருக்கிறதே என்று ஒரு பத்திரத்தையும் அப்படியே நம்பியதில்லை. மூலப் பத்திரம் எங்கே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, வில்லங்கம் உண்டா என்று பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன். அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு அவ்வளவு கறாராக இருந்தவன், சொந்த நண்பருக்குக் கறாராக இல்லை. அண்ணியின் கேள்விக்கு “தெரியும்” என்று சொன்னேன். இனி பொய் சொல்லத் தெம்பில்லை.

இதை அங்குமிங்கும் சொன்னபோது நண்பர்கள் சொன்ன பதில்கள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

“பொழுதுபோக்குதானே முசே, இதில் என்ன இவ்வளவு கணக்கு?” என்றார் ஒருவர். பொழுதுபோக்காக இருந்தால் பக்கத்து மூலையில் ரூபாய்க் கூட்டல் எதற்கு? ரூபாயை எழுதிய அன்றே அது சொத்துக் கணக்கு ஆகிவிட்டது. சொத்துக் கணக்கை நம்பி மனைவி இருப்பாள், பிள்ளை இருப்பான். நாற்பது ரூபாய்க் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், முப்பத்தெட்டாயிரம் ரூபாய்த் தலையைப் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். ஆம், முசே அந்த ஊதாத் தலைக்குக் கொடுத்த விலை அதுதான். கடற்கரைச் சாலையில் வீடு முப்பத்தெட்டாயிரத்துக்கு விற்பனைக்கு வந்தால் நாம் என்ன நினைப்போம்? “எவ்வளவு மலிவு!” என்றா, “என்ன வில்லங்கமோ!” என்றா?

“ஐம்பது வருஷ அனுபவம், பார்த்தாலே தெரியும்” என்றார் இன்னொருவர். இந்த வரிசையில் பார்த்தாலே எதுவும் தெரியாது. அதற்காகத்தான் மோசடிக்காரன் இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தான். முக்கால் மில்லிமீட்டரை எழுபது வயதுக் கண் எப்படிப் பார்க்கும்? எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று காத்திருக்கிறது. அனுபவத்தை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேலை எடுங்கள்.

“ஜோடியாக வாங்கினால் பயமில்லை” என்பது மூன்றாவது வாதம். பாதி உண்மை. ஜோடியில் ஓரம் நீளமாக இருப்பதால் சாய்வு சீக்கிரம் தெரியும். தாள் ஒட்டிய இணைப்போ, நடுவே வரிக்கோடோ இருந்தால் இன்னும் நல்லது. ஒற்றைத் தலையைவிட ஜோடி நூறு மடங்கு மேல். ஆனால் முழுத்தாளில் பக்கத்துப் பக்கத்துத் தலைகள் இரண்டைச் சேர்த்தே நறுக்கினால் அதுவும் ஜோடிதான். ஜோடியையும் அளக்கத்தான் வேண்டும்.

“சான்றிதழுக்கு அமெரிக்காவுக்கு அனுப்ப முடியுமா, செலவு என்ன ஆகும்?” என்பது நாலாவது. இதில் நியாயம் உண்டு. நியூயார்க்கில் பிலாட்டலிக் பவுண்டேஷன் 1945 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அமெரிக்கத் தபால் தலைச் சங்கமும் செய்கிறது. அனுப்பும் செலவு, கட்டணம், வழியில் தொலையும் பயம், எல்லாம் நமக்குப் பெரிய விஷயம்தான். ஐம்பது ரூபாய்த் தலைக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஆனால் அரிய சுருள் தலைகளுக்கு நிபுணர் சான்று அவசியம் என்று ஸ்காட் கேட்டலாக்கே எச்சரிக்கிறது. அந்த விலைப் பட்டியலை நம்புகிறவர் அதிலேயே இருக்கும் எச்சரிக்கையை மட்டும் ஏன் படிப்பதில்லை? சான்றிதழ் வாங்க வசதியில்லை என்றால் சான்றிதழோடு விற்பதை வாங்குங்கள். அதற்கும் வசதியில்லை என்றால் அந்தத் தலை நமக்கு இல்லை. ஆல்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும். காலிக் கட்டத்தை நம்பி யாரும் ஏமாற மாட்டார்கள்.

நான் சொல்வது ஒரே ஒரு விதி. சுருள் தலை எதுவானாலும், அது என்னவாக இருக்கக்கூடும் என்பதில் மிக மலிவானதையே அதன் பெயராக எழுதுங்கள். இரு பக்கம் பல்லில்லாத மூன்று சென்ட் ஊதா கிடைத்தால் ‘முழுத்தாள் தலை, நறுக்கியது’ என்று எழுதுங்கள். இல்லை, நான் சுருள்தான் என்று அது நிரூபிக்கட்டும். நிரூபிக்கும் பாரம் தலையின் மேல். நம் ஆசையின் மேல் அல்ல. நிலத்துக்கு அப்படித்தானே செய்கிறோம்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பரின் ஆல்பத்தில் சந்தேகமான தலையைப் பார்த்தால், அன்றே, தனியாக, மெதுவாகச் சொல்லிவிடுங்கள். “ஒரு தடவை அளந்து பார்த்துடலாமா?” என்று கேட்டால் போதும். ஒரு மாதம் பேசாமல் இருப்பார். பிறகு பேசுவார். பேசாவிட்டாலும் பரவாயில்லை. 2008-ல் நான் அதைக் கேட்டிருந்தால் முசே அந்த முப்பத்தெட்டாயிரத்தோடு நிறுத்தியிருப்பார். மீதித் தலைகளில் பெரும்பாலானவை அதற்கப்புறம் வாங்கியவை.

அண்ணி என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு வளையலை அடகு வைத்தார்கள். முசேயின் பிரெஞ்சிந்தியத் தலைகளை நான் முறையாகப் பட்டியல் போட்டு, சென்னையில் விற்றுக் கொடுத்தேன். அதில் அவர் உண்மையிலேயே புலி என்று சொன்னேனே, ஒன்றுகூடப் போலி இல்லை. வளையல் திரும்ப வந்தது. பேத்தி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அண்ணி இப்போதும் என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் காபி குடிக்கச் சொல்வதில்லை.

என் ஆல்பத்தையும் திறந்தேன். எல்லாம் தெரிந்த மாதிரி இவ்வளவு நேரம் பேசினேன் அல்லவா? என்னிடமும் சுருள் தலைகளில் மூன்று நறுக்கியவை. ஒன்றை 1987-லிருந்து பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தேன். மூன்றின் கீழேயும் பென்சிலில் ‘போலி’ என்று எழுதிவிட்டேன். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் என் மகனுக்கு ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எது எவ்வளவுக்கு விற்கும், எது விற்காது, எதைக் காட்டி யாராவது பெரிய தொகை சொன்னால் நம்பக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். மொத்தத் தொகை சின்னதுதான்.

உங்களில் யாரிடமாவது அப்படி ஒரு பக்கம் இருந்தால் எடுத்து வாருங்கள். ஸ்கேல், லென்ஸ், பல் அளவி, படிக்கல்லுக்கு அந்த ஒரு சென்ட் பச்சை, எல்லாம் என்னிடம் தயாராக இருக்கின்றன. காபி என் வீட்டில்.